நல்லதுக்கு ஒரு வார்த்தை

காலைக் கொஞ்சம் அங்கிட்டு ஒதுக்கிக்கிடுதியளா அண்ணாச்சி? இந்தப் பெட்டிய சீட்டுக்கு அடியில தள்ளிக்கிடுதேன். ஆங், போதும் போதும். உள்ள ஆம்ப்ளிஃபயர் கிடக்கு, பதனமாக் கொண்டுட்டுப் போகணும். கோயில் கொடை நேரம் பாத்து கொரகொரன்னு இழுக்குது சனியன். மதுரைலதான் இதுக்குக் கைகண்ட ஆளு ஒருத்தன் இருக்கான். மைக்செட் தொழிலு நமக்கு. கோயில்பட்டில வந்து ஆவுடையப்பன் மைக்செட்டுன்னு கேட்டியன்னா யாரும் கை காட்டுவாங்க. நீங்க எதுவரைக்கும்? விருதுநகரா? நல்லதாப் போச்சு. பேச்சுத் துணைக்கு ஆளாச்சு.

என்னத்தப் பேச, போங்க. வயிறு எரியுது. மகன் படிக்கிற பள்ளிக்கூடத்துலருந்து நேரா பஸ்டாண்டுக்கு வந்து ஏறுதேன். ஒங்களுக்குப் பிள்ளைக இருக்கா? பொம்பளப் பிள்ளையா, கட்டிக் குடுத்தாச்சா? குடுத்து வச்ச மனுசன் நீங்க. இந்தப் பதினாறு வயசுப் பயலுகள வச்சுக்கிட்டு மாரடிக்க முடியல அண்ணாச்சி. கட்டுப்பாடுங்கற ஒண்ணு கிடையவே கிடையாது. வாய்க்கு வந்தத எல்லாம் போன்ல தட்டி விட்டுருதாங்க. பொறவு பெத்தவன் போயி ஹெட்மிஸ்ட்ரஸ் ரூமுல கையக் கட்டிக்கிட்டு நிக்க வேண்டியிருக்கு.

எம்மகன் பேரு இசக்கிராஜ். பதினொண்ணாப்பு. படிப்பு சுமாருதான், பொய் சொல்லக்கூடாது. ஆனா ஹாக்கி மட்டையக் கையில எடுத்துட்டான்னா வேற ஆளு. எங்க ஊர்ல ஹாக்கி ஆடாத தெருவே கிடையாது, ஒங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அதுலயும் இவன் தனி. கென்னடி சாருன்னு பீட்டி வாத்தியாரு, லேசுல ஒருத்தனையும் மெச்ச மாட்டாரு. அவரே நம்ம கடை வாசல்ல வண்டிய நிப்பாட்டிச் சொன்னாரு, ‘ஆவுடை, ஒம்மகன் பெரிய ஆட்டக்காரன்யா. மாநில டீமுல இவன எடுக்கலன்னா யார எடுப்பாங்க?’ன்னு. ஆட்டக்காரன்! அந்த வார்த்தையக் கேட்டுட்டு எனக்குக் கால் தரையில பாவல அண்ணாச்சி. அன்னைக்குக் கடைக்கு வந்தவன் போனவனுக்கெல்லாம் டீ வாங்கிக் குடுத்தேன்.

சனிக்கிழமை டீம் திருச்சிக்குக் கிளம்புது. அங்க வச்சுதான் மாநில டீமுக்கு ஆள் எடுக்காங்க. இத விட்டா வயசு தாண்டிரும், அடுத்த வருசம் இந்தப் பிரிவுல நிக்கவே முடியாது. பேர் அனுப்ப இன்னைக்குச் சாயங்காலம் கடைசி. அதுல எம்மகன் பேர அடிச்சுட்டாங்க. இப்பத்தான், என் கண்ணு முன்னாலயே அடிச்சாங்க.

எல்லாம் ஒரு போனால.

மொதல்லருந்து சொன்னாத்தான் ஒங்களுக்குப் புரியும். கொஞ்ச நாள் முந்தி பள்ளிக்கூடத்துல பெத்தவங்க கூட்டம் போட்டாங்க. ‘வளரும் பிள்ளைகளும் சுயகட்டுப்பாடும்’னு பேனரு. மைக்செட் நம்மளுதுதான். மகன் படிக்கிற எடம்னு நானே வலியப் போயிக் கட்டுனேன். தூத்துக்குடிலருந்து ஒரு டாக்டரம்மா வந்து பேசுனாங்க. அருமையான பேச்சு. ‘போன்ல ஒண்ண எழுதுததுக்கு முன்னாடி ஒரு மூச்ச நல்லா இழுத்து விடுங்க. இத அந்த ஆளு மொகத்துக்கு நேரா நின்னு சொல்லுவமான்னு கேளுங்க. சொல்ல மாட்டோம்னா எழுதாதீங்க’ன்னாங்க. எம்புட்டுப் பெரிய விசயம்! எனக்குப் பின்வரிசைக்குச் சரியாக் கேக்கலையோன்னு இருந்துச்சு, சவுண்ட ஒரு சுத்து கூட்டி வச்சேன். இந்தப் பயலுக காதுல ஏறட்டும்னு.

அந்தம்மா உக்காந்த பொறவு நன்றி சொல்ல ஒரு டீச்சர் எந்திரிச்சாங்க. மைக்கு உயரம் சரியில்ல, நான் போயி இறக்கி விட்டேன். இறக்குன கையோட நானும் ரெண்டு வார்த்தை பேசிட்டேன். இருவது வருசமா மத்தவன் பேச மைக்குக் கட்டுத ஆளு, நமக்குப் பேச ஒரு வாய்ப்பு வந்தா விடுவமா? ‘பெரியோர்களே, கண்டிப்பு வேணும். எங்க வீட்டப் பாருங்க. பய போனப் பிடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். சாவி என் இடுப்புல. பரீட்சை முடியுத வரைக்கும் அவன் வெரல் நகம் அதுல படாது’ன்னேன். கைதட்டுன்னா கைதட்டு. டாக்டரம்மாவே தட்டுனாங்க. எம்மகன் பின்னால தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தான். கூச்சம் அவனுக்கு. நான் இன்னும் கொஞ்சம் பேசிருப்பேன், வெயிலுக்குச் சனம் எந்திரிக்க ஆரம்பிச்சுட்டு.

சொன்னபடி செஞ்சேன் அண்ணாச்சி. போனு பீரோவுலதான் இருந்துச்சு. அந்த நேரம் பாத்து என் போனு ஸ்பீக்கர் பாக்ஸுக்கு அடியில மாட்டி நசுங்கிட்டு. ஆர்டர் பேச போன் வேணும்லா? அதனால அவன் போன எடுத்து என் சிம்மப் போட்டேன். பொறவு எனக்குப் புதுசு வாங்கியாச்சு. வாங்குன பொறவும் அவன் போன அப்பப்ப எடுத்துப் பாப்பேன். என்னத்துக்குன்னா, இந்தப் பய என்னென்ன பாக்கான், யார் யார் கூடச் சேருதான்னு தகப்பன் தெரிஞ்சுக்கிட வேண்டாமா? அது கடமைலா.

அதுல வீடியோ வரும் பாருங்க, வந்துக்கிட்டே இருக்கும். ஒண்ணத் தள்ளுனா இன்னொண்ணு, அதத் தள்ளுனா இன்னொண்ணு. சோறு ஆறிப்போவும். செம்பகம், நம்ம வீட்டுக்காரி, ரெண்டு மட்டம் கூப்புட்டுப் பாத்துட்டு வந்து தலைமாட்டுல நிப்பா. ‘ஏங்க, பயலுக்குப் பூட்டு, ஒங்களுக்குத் தொறப்பா?’ன்னு ஒரு நா கேட்டா பாருங்க. பொம்பளைக்கு என்ன தெரியும்? அவன் பாத்தா அது பழக்கம். நான் பாத்தா அது விசாரணை.

சும்மா பாத்துட்டுப் போறவன் இல்ல நான். தப்பக் கண்டா ஒரு வார்த்தை சொல்லிருவேன், நல்லதுக்கு. எனக்கு எழுத்துக் கூட்டி அடிக்க வராது. ஆனா அதுல ஒரு மைக்கு படம் கிடக்கு, அதத் தொட்டுட்டுப் பேசுனா அதுவே எழுதிக்கிடுது. மைக்குன்னா நமக்குச் சொல்லித் தரணுமா? ஒருத்தி குழம்பு வைக்கா, எடுத்த எடுப்புலயே புளியக் கரைச்சு ஊத்துதா. ‘ஏம்மா, இப்படி வச்சா ஒம்புருசன் ஓட்டல்லதான் தின்பான்’னேன். ஒரு பய பாடுதான், சுதி ஒரு பக்கம் போகுது, இவன் ஒரு பக்கம் போறான். ‘தம்பி, பக்கத்து வீட்டுக்காரங்க பாவம்’னேன். எல்லாத்துக்கும் கடைசில கை கூப்புத படம் ஒண்ணு போட்டுருவேன். மரியாத முக்கியம் அண்ணாச்சி. இந்தக் காலத்துப் பயலுக மாதிரி மொட்டையா ஏச எனக்கு வராது.

அப்படித்தான் ஒரு நா மத்தியானம் கட்டில்ல சாஞ்சிருக்கேன். ஒரு பிள்ளை ஆடுத வீடியோ வருது. பள்ளிக்கூடத்து வெளையாட்டு உடுப்பு போட்டுருக்கா, மைதானத்துல நிக்கா, சுத்தி நாலு பிள்ளைக கைதட்டுது. நடுவுல இவ ஆடுதா. நல்லாத்தான் ஆடுதா, இல்லங்கல. ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு எத்தன ஊருக்குப் பாட்டுப் போட்டிருக்கேன், ஆட்டம் எனக்குத் தெரியும். ஆனா அது தொழிலு, மேடையில நடக்குது. இது படிக்கிற பிள்ளை. நாலஞ்சு தடவ பாத்தேன். பாக்கப் பாக்க எனக்கு ஆத்திரம் தாங்கல.

என்ன சொன்னேன்னு கேக்கியளா? ஒளிக்க ஒண்ணுமில்ல. ‘ஏ பிள்ள, படிக்கப் போன எடத்துல இது என்ன ஆட்டம்? ஆட்டக்காரின்னு பேரெடுக்கவா ஒன்னப் பெத்துப் போட்டாங்க? எம்மகளா இருந்தா இடுப்ப ஒடிச்சு அடுப்படில உக்கார வச்சிருப்பேன்’னேன். கும்பிடும் போட்டேன். ரெண்டு கும்பிடு. ஆமா, அந்த ‘எம்மகளா இருந்தா’ங்கறது மட்டும் எழுத்துல விழல போல. பஸ்சு போச்சு தெருவுல, அந்தச் சத்தத்துல அது முழுங்கிட்டு. மைக்குல அப்படி ஆகத்தான் செய்யும்.

ஒங்களுக்கே தெரியும், இது அறிவுரை. ஒரு பெரிய மனுசன் சொன்னா அறிவுரை. இதையே ஒரு சின்னப் பய சொன்னாத்தான் தப்பு.

சொல்லிட்டு நான் என் சோலியப் பாக்கப் போயிட்டேன். எத்தனையோ பேருக்குச் சொல்லுதோம், இதெல்லாமா ஞாபகத்துல நிக்கும்?

அங்கதான் அண்ணாச்சி வினை. அந்தப் பிள்ளை வேற யாருமில்ல, எம்மகன் பள்ளிக்கூடம்தான். மகிஷான்னு பேரு, பொம்பளப் பிள்ளைக ஹாக்கி டீமுக்கு கோல்கீப்பரு. அன்னைக்கு ஏதோ மேட்ச்சுல செயிச்சிருக்காங்க, கடைசி கோல இவதான் காலால தடுத்தாளாம். அந்தச் சந்தோசத்துல ஆடிருக்கா. எனக்கு என்ன கெரகம் தெரியும்? வீடியோவுல அதெல்லாமா எழுதி வருது?

எழுதுனதுக்குக் கீழ பயலுக ஒவ்வொருத்தனா வந்து சேந்துட்டான். ஒருத்தன் சிரிக்கான், ஒருத்தன் ‘ஆட்டக்காரி வாரா, வழி விடுங்கலே’ங்கான். பொறவு மைதானத்துல அவ தலையக் கண்டாலே ‘ஆட்டக்காரி, ஆட்டக்காரி’ன்னு கூப்பிட ஆரம்பிச்சிருக்கானுவ. அந்தப் பிள்ளை கொஞ்ச நாளு பொறுத்திருக்கா. பொறவு மைதானத்துக்கு வாரத நிறுத்திட்டா. பள்ளிக்கூடத்துக்கும் ஒழுங்கா வரல, சோறு திங்கலன்னு அவ அம்மா வந்து அழுதிருக்கு. கேட்டியளா, ஒரு வார்த்தைக்கு இம்புட்டு அழுகை. அழுகையவும் அடக்கத் தெரியணும், அதுவும் கட்டுப்பாடுதான? நான் சொன்னா யாரு கேக்கா?

ஒம்மகன் ஒரு பிள்ளையப் பத்தி போன்ல எழுதிட்டான்னு இன்னைக்குக் காலைல கூப்பிட்டு விட்டாங்க. ஆம்ப்ளிஃபயரும் கையுமாத்தான் போனேன், அப்படியே மதுரைக்குக் கிளம்பிரலாம்னு. ரூமுல ஹெட்மிஸ்ட்ரஸ் ஜெபக்கனி டீச்சர் இருக்காங்க, கென்னடி சாரு இருக்காரு, அந்தப் பிள்ளையோட அம்மா இருக்கு. பெஞ்சு ஓரத்துல அந்தப் பிள்ளை. வீடியோவுல பெரிய பிள்ளை மாதிரித் தெரிஞ்சா, நேர்ல பாத்தா நம்ம தோளுக்குக் கூட வர மாட்டா. தலைய நிமித்தவே இல்ல. எம்மகன் செவரோட ஒட்டி நிக்கான்.

எனக்கு வந்த கோவத்துக்கு, போன உடனே அவனத்தான் பிடிச்சேன். ‘என்னலே செஞ்ச? ஒரு பொம்பளப் பிள்ளையப் பத்தி எழுதுனியா? ஒன்னப் பெத்ததுக்கு நாலு தென்னம்பிள்ளைய வச்சிருக்கலாம்’னு ஏசுனேன். பய என்னையே பாத்துக்கிட்டு நிக்கான். டீச்சர், ‘உக்காருங்க, மொதல்ல என்ன எழுதிருக்குன்னு கேளுங்க’ன்னுட்டு அவங்க போன எடுத்து வாசிச்சாங்க.

‘ஏ பிள்ள’ன்னு ஆரம்பிச்சாங்க பாருங்க, எனக்கு எங்கயோ கேட்ட மாதிரி இருந்துச்சு. இடுப்புக்கு வந்தாங்க. கும்பிடுக்கு வந்தாங்க. ரெண்டு கும்பிடு.

அண்ணாச்சி! என் வார்த்தை! என் வார்த்தை எப்படி அவன் பேர்ல வந்துச்சு? எனக்கு இன்னும் வெளங்கல. மைக்செட்டு யாருதா இருந்தா என்ன? மைக்கப் பிடிச்சுப் பேசுதவன் குரல்தான வெளிய வரும்? எங்க கடை மைக்குல எத்தனையோ பேரு பேசுதாங்க, எல்லாம் ஆவுடையப்பன் பேசுனதாவா ஆகும்? போனுல மட்டும் அப்படி இல்லையாம். போனு யாருதோ, பேச்சும் அவன் கணக்குல போயிருமாம். இத எவனாவது ஒரு பய நமக்குச் சொல்லிக் குடுத்தானா? சொல்லுங்க.

கென்னடி சாரு மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தாரு. ‘என் டீமுல ஆட்டக்காரின்னா அது பெருமையான பேரு சார். இப்ப அந்த வார்த்தையக் கேட்டா எம்பிள்ளை நடுங்குது’ன்னாரு. நானும் அதத்தான நெனச்சேன், ஆடுதவ ஆட்டக்காரிதானன்னு. எம்மகன ஆட்டக்காரன்னு சொன்னப்ப நான் கோவிச்சேனா, டீ வாங்கிக் குடுத்தேன்லா? அந்த அர்த்தத்துல எடுத்துக்கிடக் கூடாதா? ஆனா அத அப்பச் சொல்ல முடியல. சொன்னா, ஒமக்கு எப்படி அர்த்தம் தெரியும்னு கேப்பாங்கல்ல.

ஜெபக்கனி டீச்சர் கண்ணாடியக் கழட்டி வச்சுட்டு என்னப் பாத்தாங்க. பைய, ஒவ்வொரு வார்த்தையாக் கேட்டாங்க. ‘அன்னைக்கு மைக்ல நீங்க பேசுனது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. போன் பீரோவுல, சாவி உங்க இடுப்புல. இது எழுதுன தேதி அந்தக் கூட்டத்துக்கு அப்புறம். இந்த வயசுப் பையன் ஏ பிள்ளன்னு எழுதுவானான்னும் எனக்குத் தெரியல. அப்ப யார் எழுதுனது, நீங்களே சொல்லுங்க’ன்னாங்க.

சொல்லத்தான் போனேன் அண்ணாச்சி. சத்தியமாச் சொல்லுதேன், வாயத் தொறந்துட்டேன். தொறந்த வாயில வார்த்தை வந்து சேர ஒரு நேரம் வேண்டாமா? அந்தப் பிள்ளையோட அம்மா பாக்கு, கென்னடி சாரு பாக்காரு, அந்தச் சுண்டைக்காய்ப் பிள்ளையும் இப்பத் தலைய நிமித்திப் பாக்கா.

அதுக்குள்ள எம்மகன் முந்திக்கிட்டான். ‘நான்தான் டீச்சர். அப்பா அசந்து தூங்கும்போது சாவிய உருவிப் போன எடுத்தேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது’ன்னுட்டான்.

பாத்தியளா? இதத்தான் சொல்லுதேன், கட்டுப்பாடு இல்லன்னு. ஒன்ன யாராவது கேட்டாங்களா? கேட்ட ஆளு என்னக் கேட்டாங்க. பெரியவன் பேச வாய் எடுக்கும்போது சின்னவன் குறுக்க விழலாமா? ஒரு நிமிசம் பொறுத்திருந்தா நானே சொல்லிருப்பேன். இப்பத் திருட்டுப் பட்டமும் சேந்து அவன் தலையில ஏறிட்டு.

கென்னடி சாரு, ‘ஏல, நீயாலே?’ன்னு கேட்டாரு. அந்த மனுசன் கண்ணு கலங்கிட்டு. பய அவரப் பாக்கல. அந்தப் பிள்ளைக்கு முன்னால போயி நின்னான். ‘மகிஷா, எழுதுனது ரொம்பத் தப்பு. மன்னிக்கச் சொல்லி ஒங்கிட்டக் கேக்கக் கூட எனக்கு மொகம் இல்ல’ன்னான். அந்தப் பிள்ளை அவன ஏறிட்டுப் பாக்கல அண்ணாச்சி. என்னப் பாத்தா. அவன் அங்கன நின்னு பேசுதான், அவ என்னையே பாக்கா. அவ என்னத்துக்கு என்னப் பாக்கணும்?

அம்புட்டுத்தான். டீச்சர் பேனாவ எடுத்து அவன் பேர ஒரு கோடு இழுத்தாங்க. இழுத்துட்டு எங்கிட்ட, ‘சாயங்காலம் பேர் அனுப்புற வரைக்கும் நான் இந்த ரூம்லதான் இருப்பேன். இந்தக் கோட்ட அழிக்க எனக்கு ஆசைதான். நீங்க எதாவது சொல்லணும்னா வாங்க, வர முடியலன்னா போன் பண்ணுங்க’ன்னாங்க. அந்தப் பேச்சே எனக்குப் பிடிக்கல. என்ன மறைமுகமாப் பேசுதது? கேக்கதுன்னா நேராக் கேக்கணும்.

வெளிய வந்து சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் பயல நிப்பாட்டுனேன். ‘ஏம்ல அப்படிச் சொன்ன?’ன்னேன். பய கிளாசுக்குப் போகத் திரும்புனான். நான் விடல. ‘எனக்காகச் சொன்னியோ? தியாகம் பண்ணுதியாக்கும்?’னு கேட்டேன்.

அப்ப சொன்னான் பாருங்க. ‘ஒங்களுக்காக இல்லப்பா. நான் எழுதுனேன்னா, சின்னப் பய, புத்தி கெட்டுப் போயி எழுதிட்டான், திருந்திருவான்னு சொல்லுவாங்க. எங்க அப்பா எழுதுனாருன்னு சொன்னா என்ன சொல்லுவாங்க? அந்த வீட்டுலருந்து தினமும் நான் பள்ளிக்கூடத்துக்கு வரணும்லா?’

கேட்டியளா அண்ணாச்சி? பெத்த தகப்பனப் பாத்து கேக்க கேள்வியா இது? கைய ஓங்கிட்டேன். ஓங்குனதுதான், அடிக்கல. பய மொகத்தக் கூட நகட்டல, அடிங்கன்னு நிக்கான். ஓங்குன கைய அப்படியே இறக்கிட்டு, ஆம்ப்ளிஃபயரத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். அதுக்குப் பேருதான் கட்டுப்பாடு. இவனுக்குத் தெரியுமா அது?

சாத்தூரு வந்துட்டு போல. இங்கன அஞ்சு நிமிசம் போடுவான்.

என்ன சொல்லுதிய? இறங்கவா? நானா?

எதுத்தாப்புல கோயில்பட்டி பஸ்சு நிக்கது எனக்கும் தெரியுது அண்ணாச்சி, கண்ணு நல்லாத்தான் இருக்கு. இறங்கி அதுல ஏறுனா சாயங்காலத்துக்கு முன்னால போயிரலாம், நெசந்தான். ஆனா ஆம்ப்ளிஃபயரு? கொடைக்காரனுக்கு வாக்குக் குடுத்துருக்கேன். அதுபோவ நீங்க ஒண்ண யோசிக்கணும். நான் போயி, நான்தான் எழுதுனேன்னு சொல்லுதேன்னு வைங்க. எங்க ஊர்க்காரங்களப் பத்தி ஒங்களுக்குத் தெரியாது. ‘ஆட்டக்காரி ஆவுடை’ன்னு பேரு வச்சுருவானுவ. சுடுகாட்டுக்குப் போற வரைக்கும் அந்தப் பேரு போகாது. மேடையில ஏறி மைக்கு டெஸ்ட் பண்ண முடியுமா நான்? கூட்டத்துக்குள்ளருந்து ஒருத்தன் கூப்பிட மாட்டான்? எனக்கு அம்பது வயசு. அவனுக்குப் பதினாறு. இந்த வயசுல எது நடந்தாலும் மறந்துரும். ஆட்டம் இந்த வருசம் இல்லன்னா அடுத்த வருசம்.

ஆமா, நான்தான் சொன்னேன், வயசு தாண்டிரும்னு. ஏதாவது வழி இருக்கும். இல்லாமலா போகும்?

நீங்க இருங்க, வெள்ளரிக்கா வருது. ஏ தம்பி, இங்கன வா, ரெண்டு கூறு குடு. உப்பு மொளகாப்பொடி நல்லாத் தூவு. இந்தாங்க அண்ணாச்சி, பிடிங்க. சாத்தூரு வெள்ளரிக்கா மாதிரி வராது. பிஞ்சு. பிடிங்கன்னா.

எடுத்துட்டான் பாருங்க வண்டிய. நல்ல வேளை, நாம முடிவு பண்ணாம வண்டியே முடிவு பண்ணிட்டு. ஹா ஹா. என்ன, சிரிக்க மாட்டேங்கிய?

இருங்க, போன் அடிக்குது.

டீச்சருதான்.

அடிக்கட்டும். பஸ்சு சத்தத்துல என்ன கேக்கப் போகுது? நீங்க சொல்லுங்க, ஒங்க மருமகன் என்ன வேலை பாக்காரு?

மறுபடியும் அடிக்காங்களே. சரி, எடுக்கேன். எடுத்துத்தான் ஆகணும்ங்கிய. எடுக்கேன், எடுக்கேன்.

வணக்கம் டீச்சர். ஆமா, பஸ்சுலதான் போறேன். கேக்குது, சொல்லுங்க... ஆங்... ஆமா... கென்னடி சாரு இன்னும் அங்கதான் இருக்காரா... சாரி டீச்சர், பஸ்சுல கொஞ்சம் சத்தம்... இல்ல, கேக்குது, கேக்குது... நீங்க கேட்டது வெளங்குது டீச்சர்... கடைசியாக் கேக்கிய... ஆமா...

இல்ல டீச்சர். அவன் சொன்னதுதான். அவன்தான்.

சாவிய எடுத்துருக்கான். எனக்குத் தெரியாமத்தான். ஆமா. நான் வீட்டுல நல்லாக் கண்டிச்சு வைக்கேன் டீச்சர். நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாதீங்க... இருக்கற பேர அனுப்பிருங்க, பாவம், மத்த பிள்ளைகளுக்கு எதுக்குத் தாமசம்... சரிங்க டீச்சர். வச்சுருதேன்.

முடிஞ்சு போச்சு.

என்ன அப்படிப் பாக்கிய? நான் என்ன புதுசாவா சொன்னேன்? பய அவன் வாயாலயே சொன்னத நான் திருப்பிச் சொன்னேன். அவன் பேச்ச நான் பொய்யாக்க முடியுமா? நாளைக்கு டீச்சருக்கு மொத்தக் குடும்பமும் பொய் சொல்லுதுன்னு தோணிறாதா? நல்லா யோசிச்சுத்தான் சொன்னேன். மூச்ச இழுத்து விட்டுட்டுத்தான் சொன்னேன், நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்திய?

ஏதாவது பேசுங்க அண்ணாச்சி.

எங்க எந்திரிக்கிய? விருதுநகரு இன்னும் வரலையே. இன்னும் எம்புட்டு தூரம் கிடக்கு. பின்னாலயா? அங்கன சீட்டு இல்லையே, நின்னுக்கிட்டா வரப் போறிய? இந்தப் பக்கம் வெயிலு அடிக்கோ? ஆமா, வெயிலு அடிக்கத்தான் செய்யுது. நான் வேணா சன்னல் பக்கம் வாரேன், நீங்க இங்கிட்டு உக்காருங்க. சத்தமாப் பேசிட்டேனோ? தொழிலு அப்படி, கொறைச்சுப் பேசுதேன்.

அண்ணாச்சி. வெள்ளரிக்காயத் தொடவே இல்லையே நீங்க.